மின்னழுத்தம் எங்கே தொலைகிறது? வீழ்ச்சியைக் கண்டுபிடித்து, பொருத்தமான பவர் சுவிட்ச் சிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

5 வோல்ட் அடாப்டரில் இயங்கும் ஒரு போர்டில் ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலரும் ஒரு செல்லுலார் மோடமும் இருக்கின்றன. மோடத்துக்குப் போகும் மின்சாரத்தை ஒரு பவர் சுவிட்ச் சிப் வழியாகத் தேவைப்படும்போது மட்டும் இணைக்கிறோம். சுவிட்சை இயக்கியவுடன் ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிறது; அல்லது மோடம் நெட்வொர்க்கைத் தேடத் தொடங்கும் நேரத்தில் அணைந்து மீண்டும் எழுகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 4.9 வோல்ட் என்று ஒழுங்காகவே காட்டுகிறது. இந்த நிலையில் பலரும் சுவிட்ச் சிப்பின் மீது சந்தேகம் கொண்டு, இன்னும் அதிக ஆம்பியர் குறிக்கப்பட்ட வேறொரு சிப்பை வாங்கிப் பொருத்துகிறார்கள். பழுது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அடாப்டரிலிருந்து மோடம் வரையிலான பாதையில் கேபிள், கனெக்டர், செம்புத் தடம், கிரவுண்டு திரும்பும் வழி எனப் பல மின்தடைகள் வரிசையாக இருக்கின்றன. சிப் அவற்றில் ஒன்று மட்டுமே. ஒவ்வொன்றும் எவ்வளவு மின்னழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது என்று அளந்த பிறகுதான், சிப்புக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும், எந்தச் சிப் பொருந்தும் என்பதும் தெரியவரும். மேலே சொன்ன போர்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வேலையை முறையாகச் செய்து பார்ப்போம்.

படி 1: எந்தச் சாதனத்துக்கு எது கீழ் எல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்

"5 வோல்ட் வேண்டும்" என்பது போதுமான விவரம் இல்லை. ஒவ்வொரு சுமையும் எந்த மின்னழுத்தத்துக்குக் கீழே தடுமாறும் என்ற எண்தான் நமக்குத் தேவை. ஈஎஸ்பி32 சிப் 3.3 வோல்ட்டில் இயங்குகிறது. அதற்கு முன்னால் பல போர்டுகளில் ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் சிப்) இருக்கும். அதன் உள்ளீடு, வெளியீட்டைவிட வழக்கமாக 1.1 வோல்ட்டும், மோசமான நிலையில் 1.3 வோல்ட்டும் கூடுதலாக இருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். ஆகவே 3.3 உடன் 1.3 சேர்த்து, போர்டின் 5 வோல்ட் பாதை 4.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று எழுதிக்கொள்ளலாம். மோடம் போர்டுக்கு அதன் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) உள்ள குறைந்தபட்ச உள்ளீட்டை எடுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 4.4 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ராஸ்பெர்ரி பை பயன்படுத்துவோர் 4.63 வோல்ட் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ அந்த அளவுக்குக் கீழே போனால்தான் அந்தப் போர்டு குறைந்த மின்னழுத்த எச்சரிக்கையைக் காட்டுகிறது. ஈஎஸ்பி32 தன் பங்குக்கு பிரவுன்அவுட் (மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டது) என்ற செய்தியைச் சீரியல் திரையில் அச்சிட்டுவிட்டு ரீசெட் ஆகும். இந்தச் செய்தி வந்தால் மென்பொருளில் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு மின்வழங்கலைப் பார்க்க வேண்டும். பிரவுன்அவுட் கண்காணிப்பை நிரல் வழியாக அணைத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது, அது ஆபத்தானது. ரீசெட் நின்றுவிட்டதுபோல் தோன்றினாலும், குறைந்த மின்னழுத்தத்தில் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது தரவு சிதைய வாய்ப்பிருக்கிறது.

படி 2: சராசரியை நம்பாமல் உச்ச மின்னோட்டத்தையும் அதன் கால அளவையும் அறியுங்கள்

வீழ்ச்சி என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. ஆகவே மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணத்தில்தான் வீழ்ச்சியும் உச்சத்தைத் தொடுகிறது. ஈஎஸ்பி32 வைஃபையில் முழு வலுவுடன் அனுப்பும்போது சுமார் 240 மில்லிஆம்பியர் இழுக்கும் என்று அதன் டேட்டாஷீட் கூறுகிறது, நாம் 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மோடத்தின் கதை வேறு. 2ஜி ஜிஎஸ்எம் முறையில் அனுப்பும் மோடம் தொடர்ச்சியாக மின்சாரம் இழுப்பதில்லை, 4.615 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, 577 மைக்ரோசெகண்டு மட்டும் பெரும் மின்னோட்டத்தை இழுத்துவிட்டு அடங்குகிறது. சிம்800எல் போன்ற மோடங்கள் அந்தக் குறுகிய நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். நம் போர்டில் 5 வோல்ட் பக்கத்தில் இந்த உச்சம் 1.5 ஆம்பியர் என்று கொள்வோம். மொத்தம் 1.8 ஆம்பியர்.

மல்டிமீட்டர் ஏன் 4.9 என்று காட்டியது என்பதற்கான விடையும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. அது நொடிக்குச் சில முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிக்கிறது. எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீடிக்கும் பள்ளம் சராசரிக்குள் கரைந்துபோகிறது. மின்னோட்டத்தை அளப்பதற்கு மல்டிமீட்டரைத் தொடராக இணைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: மில்லிஆம்பியர் அளவையில் மீட்டரின் உள் மின்தடை ஒரு ஓம் அல்லது அதற்கு மேலும் இருக்கும்; அந்த மீட்டரே நாம் தேடும் வீழ்ச்சியை உண்டாக்கிவிடும். 10 மில்லிஓம் அளவுள்ள ஷண்ட் மின்தடையை (மின்னோட்டத்தை அளக்கவென்றே வைக்கும் மிகச் சிறிய மின்தடையை) பாதையில் வைத்து, அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை, அது நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதே நம்பத்தக்க வழி. 1.5 ஆம்பியருக்கு அதில் 15 மில்லிவோல்ட் தோன்றும்.

படி 3: பாதையைத் துண்டுதுண்டாக அளந்து குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகவும் பொறுமையாகச் செய்ய வேண்டிய பகுதி இதுவே. முதலில், அலைபாயும் மோடத்தை விலக்கிவிட்டு, மாறாத மின்னோட்டம் இழுக்கும் ஒரு சுமையை அதே இடத்தில் இணைக்க வேண்டும். எலக்ட்ரானிக் லோடு கருவி இல்லாதவர்கள் 3.3 ஓம் வயர்வவுண்டு மின்தடையைப் பயன்படுத்தலாம். அது 5 வோல்ட்டில் சுமார் 1.5 ஆம்பியர் இழுக்கும், ஏழரை வாட் வெப்பத்தையும் வெளியிடும். ஆகவே 20 வாட் தாங்கும் மின்தடையாக வாங்கி, பிளாஸ்டிக் மீது படாமல் வைத்து, அளவெடுக்கும் நேரம் மட்டும் இணைத்துப் பிறகு கழற்றிவிட வேண்டும்.

அடுத்து, மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவையில் வைத்து, கிரவுண்டிலிருந்து அளக்காமல் ஒவ்வொரு துண்டின் குறுக்கேயும் நேரடியாக அளக்க வேண்டும். சிவப்பு முனையை அடாப்டரின் நேர்முனையிலும் கருப்பு முனையைப் போர்டின் 5 வோல்ட் நுழைவிலும் வைத்தால், கேபிளின் நேர்க்கம்பியும் அதன் இரு கனெக்டர்களும் சேர்ந்து எவ்வளவு எடுத்துக்கொள்கின்றன என்பது ஒரே எண்ணாகத் தெரியும். பிறகு போர்டின் நுழைவிலிருந்து சுவிட்ச் சிப்பின் உள்ளீட்டுக் காலுக்கு. அங்கிருந்து வெளியீட்டுக் காலுக்கு. அங்கிருந்து மோடத்தின் நேர்முனைக்கு. முனைகளைச் சிப்பின் காலிலேயே வைப்பது முக்கியம். காலுக்கு அருகிலுள்ள தடத்தில் வைத்தால் சோல்டர் இணைப்பின் குறை கண்ணுக்குத் தப்பிவிடும். நேர்ப்பாதை முடிந்ததும், மோடத்தின் கிரவுண்டிலிருந்து அடாப்டரின் எதிர்முனை வரை இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தத் திரும்பும் பாதையைத்தான். நேர்ப்பாதையில் போகும் அதே மின்னோட்டம் கிரவுண்டு வழியாகவும் திரும்புகிறது. எனவே மெல்லிய கிரவுண்டு கம்பி, மெல்லிய நேர்க்கம்பி அளவுக்கே மின்னழுத்தத்தைத் தின்னும். கூடவே மோடத்தின் கிரவுண்டு, மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டைவிட உயர்ந்து நின்று, சீரியல் தொடர்பில் எழுத்துகள் சிதையும் பழுதையும் உண்டாக்கும்.

எல்லாத் துண்டுகளையும் கூட்டினால், அடாப்டர் முனையில் உள்ள அளவுக்கும் மோடம் முனையில் உள்ள அளவுக்கும் இடையிலான வித்தியாசம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு துண்டை அளக்கத் தவறியிருக்கிறோம். ஒவ்வொரு எண்ணையும் மின்னோட்டத்தால் வகுத்து மில்லிஓமாக மாற்றி எழுதிவைத்தால், பிறகு எந்த மின்னோட்டத்துக்கும் கணக்கிடலாம். அடாப்டரின் முனையிலேயே மின்னழுத்தம் சரிந்தால், கேபிளையும் சிப்பையும் எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும்.

இப்படி அளக்கும்போது அடிக்கடி அகப்படும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிரெட்போர்டில் செருகும் ஜம்பர் கம்பிகள் மிக மெல்லியவை; சிலவற்றில் செம்புக்குப் பதிலாகச் செம்பு பூசிய இரும்போ அலுமினியமோ இருக்கும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இரும்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். தலைகீழ் இணைப்பைத் தடுக்கத் தொடராக வைத்த 1என்4007 டையோடு 1 ஆம்பியருக்குச் சுமார் 1 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 1என்5819 போன்ற ஷாட்கி டையோடு ஏறத்தாழ அதில் பாதி எடுக்கும். பழைய வடிவமைப்புகளில் சுவிட்சாகப் பயன்படும் யூஎல்என்2003 போன்ற டார்லிங்டன் சிப்புகள் சில நூறு மில்லிஆம்பியருக்கே 1 வோல்ட் அளவில் இழக்கின்றன. மோட்டார் இயக்கப் பலரும் வாங்கும் எல்298 சிப் 1 ஆம்பியரில் மொத்தம் 1.8 முதல் 3.2 வோல்ட் வரை தானே எடுத்துக்கொள்கிறது. 6 வோல்ட் பேட்டரியில் மோட்டார் சோம்பலாகச் சுழல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இத்தகைய பைபோலார் டிரான்சிஸ்டர் சிப்புகள் அகப்பட்டால், மாஸ்ஃபெட் (இயங்கும்போது ஒரு சிறு மின்தடைபோல் நடந்துகொள்ளும் டிரான்சிஸ்டர்) அடிப்படையிலான சிப்புக்கு மாறுவது உடனடிப் பலன் தரும்.

படி 4: ஆசிலோஸ்கோப்பில் பள்ளத்தின் வடிவத்தைப் படியுங்கள்

இப்போது மோடத்தை மீண்டும் இணைத்து, அதன் மின்முனையில் ஆசிலோஸ்கோப்பை வைத்து, இறங்குமுக டிரிகரை (மின்னழுத்தம் இறங்கும்போது பதிவைத் தொடங்கும் எல்லையை) 4.6 வோல்ட்டில் அமைத்து, ஒற்றைப் பதிவு முறையில் காத்திருக்க வேண்டும். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப் சுவர் மின்சாரத்தின் எர்த்துடன் இணைந்திருக்கும். ஆகவே அதைப் போர்டின் கிரவுண்டில் மட்டுமே மாட்ட வேண்டும். சிப்பின் குறுக்கே பார்க்க விரும்பினால் இரண்டு சானல்களை உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் வைத்து, கருவியின் கழித்தல் வசதியைப் பயன்படுத்தலாம்.

பள்ளத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லும். தட்டையான அடிப்பகுதியுடன், 577 மைக்ரோசெகண்டு அகலத்தில், 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது பாதையின் மின்தடை. சுவிட்சை இயக்கும் கணத்தில் ஒரே ஒரு ஆழமான பள்ளம் தோன்றி, வளைந்து மெதுவாக மேலேறினால் அது மோடத்தின் மின்தேக்கிகள் நிரம்பும்போது பாயும் இன்ரஷ் மின்னோட்டம். வெளியீடு எழுவதும் அணைவதுமாகச் சீரான இடைவெளியில் தொடர்ந்தால், சுவிட்ச் சிப்போ அடாப்டரோ பாதுகாப்பு நிலைக்குப் போய்த் திரும்புகிறது. உள்ளீட்டில் 5 வோல்ட்டுக்கு மேலே கூர்மையாக எழும்பி அலையடித்து அடங்கினால், அது கேபிளின் இண்டக்டன்ஸும் போர்டிலுள்ள செராமிக் மின்தேக்கியும் சேர்ந்து உண்டாக்கும் அதிர்வு. இந்தக் கடைசி வகை கவனிக்கப்படாமல் பல சிப்புகளைக் கொன்றிருக்கிறது: மின்சாரம் உள்ள கேபிளைச் செருகும்போது இந்த எழுச்சி, உள்ளீட்டின் இரண்டு மடங்கை நெருங்கக்கூடும், 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிப்புக்கு அது போதும். உள்ளீட்டில் ஒரு எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியைச் சேர்த்தால், அதன் உள் மின்தடை அதிர்வை அடக்கும். திடீர் எழுச்சியை உறிஞ்சும் டிவிஎஸ் டையோடு ஒன்றும் இருப்பது நல்லது.

படி 5: சிப்பைத் தொடுவதற்கு முன் கம்பியைச் சரிசெய்யுங்கள்

28 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும்) செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.213 ஓம். விலை குறைந்த பல யூஎஸ்பி கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் இந்த அளவிலேயே இருக்கின்றன. 1 மீட்டர் கேபிளில் போகவும் வரவும் 2 மீட்டர், மின்தடை 0.43 ஓம். 1.8 ஆம்பியர் பாயும்போது 0.77 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடுகிறது. 5.05 வோல்ட் தரும் நல்ல அடாப்டரை வைத்திருந்தாலும் போர்டுக்கு 4.28 வோல்ட்டே வந்து சேரும். மிகச் சிறந்த சுவிட்ச் சிப்பாலும் இதைக் காப்பாற்ற முடியாது. அதே நீளத்தில் 20 கேஜ் கம்பி என்றால், மீட்டருக்கு 0.033 ஓம் வீதம், வீழ்ச்சி 0.12 வோல்ட்டாகச் சுருங்குகிறது.

மின்தேக்கியைப் பெரிதாக்கினால் போதாதா என்ற கேள்வி இங்கே எழும். 577 மைக்ரோசெகண்டுக்கு 1.5 ஆம்பியரை மின்தேக்கி மட்டுமே தந்து, மின்னழுத்தம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இறங்காமல் காக்க வேண்டுமானால், 1.5 ஐ 577 மைக்ரோசெகண்டால் பெருக்கி 0.2 ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 4,300 மைக்ரோஃபாரட் வருகிறது. 1,000 மைக்ரோஃபாரட் வைத்து 0.43 ஓம் கேபிளை அப்படியே விட்டால், அவை இரண்டின் கால மாறிலி (மின்தடையையும் கொள்ளளவையும் பெருக்கிய அளவு) 0.43 மில்லிசெகண்டு, உச்சம் முடிவதற்குள்ளேயே மின்தேக்கி பெருமளவு இறங்கிவிடும். மின்தேக்கி உதவி செய்யும். மெல்லிய கம்பிக்கு மாற்றாக அதை எண்ண முடியாது. செராமிக் மின்தேக்கியைப் பயன்படுத்துவோர், அதன் மீது நேர்மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவு குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறிய அளவிலான 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் எக்ஸ்5ஆர் வகை, 5 வோல்ட்டில் பாதிக்கும் குறைவாகச் சுருங்குவது சாதாரணம்.

படி 6: சுவிட்சுக்கு மிஞ்சும் மில்லிஓமைக் கணக்கிடுங்கள்

இப்போது வரவு செலவுக் கணக்கை எழுதலாம். அடாப்டரின் முனையில், முழுச்சுமையில், 5.05 வோல்ட். 20 கேஜ் கேபிளில் 0.12 வோல்ட் கழிகிறது. கேபிளின் இரு முனைகளிலும் நேர், எதிர் என நான்கு தொடுமுனைகள். ஒவ்வொன்றும் 30 மில்லிஓம் என்று மோசமான நிலையை எடுத்தால், 1.8 ஆம்பியரில் 0.22 வோல்ட். போர்டுக்கு வந்து சேர்வது 4.71 வோல்ட், ஈஎஸ்பி32க்கு நாம் எழுதிவைத்த 4.6 என்ற எல்லை காப்பாற்றப்படுகிறது. போர்டில் மோடத்துக்குச் செல்லும் தடம் 50 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்று கொள்வோம். 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்குச் சுமார் அரை மில்லிஓம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 50 சதுரங்கள், அவற்றுக்கு 25 மில்லிஓம். 1.5 ஆம்பியரில் ஏறத்தாழ 0.04 வோல்ட். கிரவுண்டு அகன்ற செம்புத் தளமாக இருப்பதால் அதை விட்டுவிடலாம். மிச்சம் 4.67 வோல்ட்.

மோடத்துக்கு 4.4 வோல்ட் வேண்டும். ஆகவே சுவிட்சில் 0.27 வோல்ட் வரை இழக்கலாம், 1.5 ஆம்பியரால் வகுத்தால் 180 மில்லிஓம். கனெக்டர் தேய்மானம், அடாப்டர் மாறுபாடு, வெப்பம் ஆகியவற்றுக்காகப் பாதியை ஒதுக்கிவைத்தால் 90 மில்லிஓம். இதுவே கடைக்குப் போகும்போது நம் கையில் இருக்க வேண்டிய எண். இந்த எண் மிகச் சிறியதாக, பத்து மில்லிஓமுக்கும் குறைவாக வந்துவிட்டால், அரிய சிப்பைத் தேடி அலைவதைவிடக் கேபிளைச் சுருக்குவதோ, கனெக்டரை ஸ்க்ரூ டெர்மினலாக மாற்றுவதோ, 9 அல்லது 12 வோல்ட்டைப் போர்டு வரை கொண்டுவந்து அங்கே பக் கன்வெர்ட்டரால் (மின்னழுத்தத்தைக் குறைந்த இழப்புடன் இறக்கும் சர்க்யூட்டால்) 5 வோல்ட்டாக்குவதோ மலிவான தீர்வாக இருக்கும். நெடுந்தொலைவுக் கேபிளுக்கு இந்தக் கடைசி வழியையே நான் முதலில் பரிந்துரைப்பேன்; மின்னழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறைகிறது, வீழ்ச்சியும் கூடவே குறைகிறது.

படி 7: எந்த வகைச் சிப் என்று முடிவு செய்யுங்கள்

தனி மாஸ்ஃபெட் ஒன்றைக் கொண்டே சுவிட்ச் அமைக்கலாம். ஏஓ3401ஏ போன்ற பி-சானல் மாஸ்ஃபெட் மலிவானது, எளிதில் கிடைப்பது. அதன் மின்தடை, கேட்டில் (அதை இயக்கும் காலில்) 10 வோல்ட் கிடைத்தால் அதிகபட்சம் 50 மில்லிஓம், 4.5 வோல்ட்டில் 60, 2.5 வோல்ட்டில் 85 என்று ஏறிக்கொண்டே போகும். ஆகவே உங்கள் சர்க்யூட்டில் உண்மையில் கிடைக்கும் கேட் மின்னழுத்தத்துக்கு உரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 5 வோல்ட் பாதையில் இருக்கும் பி-சானல் மாஸ்ஃபெட்டின் கேட்டை 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரின் காலால் நேரடியாக இயக்கினால் அது முழுமையாக அணையாது. இடையில் ஒரு சிறு டிரான்சிஸ்டர் வேண்டும். இன்ரஷ் கட்டுப்பாடும் ஷார்ட் பாதுகாப்பும் இதில் இல்லை. கிரவுண்டு பக்கத்தில் என்-சானல் மாஸ்ஃபெட் வைத்துத் துண்டிக்கும் முறை எல்இடி, ரிலே போன்றவற்றுக்குச் சரி. டேட்டா கம்பிகள் உள்ள மோடத்துக்கு அது ஒத்துவராது, ஏனெனில் கிரவுண்டு துண்டிக்கப்பட்டதும் டேட்டா கம்பிகள் வழியாக மின்சாரம் வழி தேடும்.

லோடு சுவிட்ச் எனப்படும் சிப்புகள் மாஸ்ஃபெட், அதன் இயக்கி, மெதுவாக இயக்கும் வசதி ஆகியவற்றை ஒரே உறையில் தருகின்றன. டிபிஎஸ்22918 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 1 முதல் 5.5 வோல்ட் வரை, 2 ஆம்பியர், 5 வோல்ட்டில் வழக்கமாக 52 மில்லிஓம். எழும் நேரத்தை வெளியிலுள்ள ஒரு சிறு மின்தேக்கியால் அமைக்கலாம். மின்னோட்ட வரம்பு இதில் கிடையாது. வரம்பு தேவைப்படும் இடத்துக்கு டிபிஎஸ்2553 போன்றவை உள்ளன: 2.5 முதல் 6.5 வோல்ட் வரை, வழக்கமாக 85 மில்லிஓம், வரம்பை ஒரு மின்தடையால் 75 மில்லிஆம்பியரிலிருந்து 1.7 ஆம்பியர் வரை அமைக்கலாம், பழுதை அறிவிக்கும் காலும் உண்டு. 12 வோல்ட் பாதைக்கு இவை இரண்டுமே உதவாது, அங்கே 2.7 முதல் 18 வோல்ட் வரை இயங்கும் டிபிஎஸ்2595 போன்ற இஃபியூஸ் (ஃபியூஸ்போல் பாதுகாக்கும் மின்னணு சுவிட்ச்) சிப்புகளைப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கிடையே தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: சுவிட்சின் வெளியீடு போர்டை விட்டு வெளியே போகிறதா? யூஎஸ்பி போர்ட், சென்சார் கேபிள், பயனர் கை படும் கனெக்டர் என்று வெளியே போனால் ஷார்ட் ஆவதை ஒருநாள் எதிர்பார்த்தே ஆக வேண்டும். மின்னோட்ட வரம்பு கட்டாயம். நம் மோடம் போர்டிலேயே சோல்டர் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே குறைந்த மின்தடையும், எழும் நேரத்தை அமைக்கும் வசதியும் உள்ள டிபிஎஸ்22918 இங்கே பொருந்துகிறது. 1.5 ஆம்பியரில் 78 மில்லிவோல்ட் இழப்பு.

வரம்புள்ள சிப்பை எடுப்பவர்கள், வரம்பு எவ்வளவு மாறுபடக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். 500 மில்லிஆம்பியருக்கான டிபிஎஸ்2051பி சிப்பின் வரம்பு 0.75 முதல் 1.25 ஆம்பியருக்குள் எங்கும் இருக்கலாம். வரம்பின் கீழ் எண் உங்கள் உச்ச மின்னோட்டத்துக்கு மேலேயும், மேல் எண் அடாப்டரும் கனெக்டரும் தாங்கும் அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். உச்சத்துக்கு மிக அருகில் வரம்பை அமைத்தால், வரம்பே புதிய மின்னழுத்த வீழ்ச்சியாகிவிடும்: சிப் மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தும்போது வெளியீடு சரிகிறது, அதை மின்தடைப் பழுது என்று எண்ணி ஏமாறுவோம்.

படி 8: டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தைத் தாண்டிப் படியுங்கள்

முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும் மில்லிஓம், 25 டிகிரி செல்சியஸில் வழக்கமான அளவு. உங்களுக்கு வேண்டியது உள்ளே அட்டவணையில் இருக்கும் அதிகபட்ச அளவு, அதுவும் உங்கள் உள்ளீட்டு மின்னழுத்தத்துக்கும் உங்கள் வெப்பநிலைக்கும் உரியது. மாஸ்ஃபெட்டின் மின்தடை 125 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். 90 மில்லிஓம் என்ற நம் எல்லையோடு ஒப்பிட வேண்டியது இந்தச் சூடான எண்ணைத்தான்.

வெப்பத்தையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். தொடர்ச்சியாக 1.5 ஆம்பியர் இழுக்கும் சுமை என்றால், 90 மில்லிஓமில் 0.2 வாட். எஸ்ஓடி-23 போன்ற சிறிய உறைக்கு வாட்டுக்கு 200 டிகிரி என்று எடுத்தால், 40 டிகிரி ஏற்றம். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் 60 டிகிரி இருந்தால் சிப்பின் உள்ளே 100 டிகிரி. எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. நம் மோடம் உச்சத்தில் இருப்பது எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டுமே என்பதால் வெப்பம் நமக்குத் தொல்லை தராது.

இயக்கும் கால் எந்த மின்னழுத்தத்தை உயர்நிலை என்று ஏற்கிறது, உயர்நிலையில் இயங்குமா தாழ்நிலையில் இயங்குமா என்பவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிபிஎஸ்2552, டிபிஎஸ்2553 ஆகிய இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடே இதுதான். மைக்ரோகண்ட்ரோலர் எழும்போது அதன் கால்கள் சிறிது நேரம் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சுவிட்ச் தானாக இயங்காமல் இருக்க 100 கிலோஓம் மின்தடை ஒன்றால் சுவிட்சின் இயக்கும் காலை அணைந்த நிலைக்கு இழுத்துவிட வேண்டும்.

படி 9: இன்ரஷ் மின்னோட்டத்தை அடக்குங்கள்

உச்சத்தைச் சமாளிக்க மோடத்தின் பக்கத்தில் 1,000 மைக்ரோஃபாரட் வைத்தோம் என்றால், சுவிட்சை இயக்கும்போது அதையும் நிரப்ப வேண்டும். நிரப்பும் மின்னோட்டம், கொள்ளளவை மின்னழுத்தத்தால் பெருக்கி எழும் நேரத்தால் வகுத்த அளவு. 1 மில்லிசெகண்டில் 5 வோல்ட்டுக்கு எழுந்தால் 5 ஆம்பியர். அடாப்டர் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும், ஈஎஸ்பி32 ரீசெட் ஆகிவிடும். எழும் நேரத்தை 20 மில்லிசெகண்டாக நீட்டினால் அதே மின்தேக்கி 0.25 ஆம்பியரில் அமைதியாக நிரம்பும். டிபிஎஸ்22918 இல் எந்த நேரத்துக்கு எந்த மின்தேக்கி என்பதை அதன் டேட்டாஷீட் அட்டவணையிலிருந்து எடுத்து, ஆசிலோஸ்கோப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம். யூஎஸ்பி போர்ட் வடிவமைப்போருக்கு எண்கள் தரநிலையிலேயே உள்ளன: யூஎஸ்பி 2.0 விதிப்படி சாதனம் செருகும்போது 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் சுமை தரக் கூடாது, ஹப் தன் வெளியீட்டில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் வைத்திருக்க வேண்டும், பக்கத்துப் போர்ட்டில் தோன்றும் பள்ளம் 330 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது.

படி 10: பின்வழியாக நுழையும் மின்சாரத்தைத் தடுங்கள்

சுவிட்சை அணைத்த பிறகும் மோடத்தின் மின்முனையில் 2 வோல்ட் அளவில் ஏதோ நிற்கிறது என்றால், சிப் கசிகிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஈஎஸ்பி32 இன் சீரியல் அனுப்பும் கால் ஓய்வில் உயர்நிலையில் இருக்கும். அங்கிருந்து மோடத்தின் உள்ளீட்டுப் பாதுகாப்பு டையோடு வழியாக மின்சாரம் மோடத்தின் மின்பாதைக்குள் நுழைகிறது. அரைகுறை மின்சாரத்தில் மோடம் முழுமையாக அணையாமல், அடுத்த முறை இயக்கும்போது எழ மறுக்கும். சுவிட்சை அணைக்கும் முன் மோடத்துக்குச் செல்லும் கால்கள் அனைத்தையும் தாழ்நிலைக்கோ உள்ளீட்டு நிலைக்கோ மாற்றிவிடுவது எளிய தீர்வு.

வெளியீட்டு மின்தேக்கி வடிவதற்கும் நேரம் கொடுக்க வேண்டும். சிப்பில் வெளியீட்டை இறக்கும் உள் மின்தடை இருந்தாலும், 1,000 மைக்ரோஃபாரட்டும் 150 ஓமும் சேர்ந்தால் அரை நொடி ஆகும். அணைத்து 100 மில்லிசெகண்டில் மீண்டும் இயக்கும் நிரல் மோடத்தை ரீசெட் செய்ததாக எண்ணிக்கொள்ளும். மோடம் அப்படி எண்ணாது. பேட்டரியும் யூஎஸ்பியும் ஒரே பாதைக்கு மின்சாரம் தரும் வடிவமைப்பில், எதிர்த்திசை மின்னோட்டத்தைத் தடுக்கும் சிப்பைத்தான் எடுக்க வேண்டும். ஒற்றை மாஸ்ஃபெட்டின் உள் டையோடு எதிர்த்திசையில் எப்போதும் மின்னோட்டத்தை விட்டுவிடும்.

படி 11: பொருத்தி, மோசமான நிலையில் சோதியுங்கள்

உள்ளீட்டு மின்தேக்கியைச் சிப்பின் காலுக்கு ஒட்டியே வையுங்கள். உள்ளீடு, வெளியீட்டுத் தடங்களை அகன்ற செம்புப் பரப்பாக வரையுங்கள். மோட்டார், நீண்ட கேபிள் போன்ற இண்டக்டிவ் சுமையானால், அணைக்கும் கணத்தில் வெளியீடு கிரவுண்டுக்குக் கீழே போகாமல் தடுக்க ஒரு ஷாட்கி டையோடை வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் சேருங்கள்.

பிறகு படி 3 இல் செய்த அளவீட்டை அப்படியே மீண்டும் செய்து, ஒவ்வொரு துண்டின் மில்லிஓமையும் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அடுத்து, மேசை மின்வழங்கியை அடாப்டரின் மிகக் குறைந்த உத்தரவாத அளவான 4.75 வோல்ட்டுக்குத் தாழ்த்தி, பயன்பாட்டில் இருக்கப்போகும் அதே கேபிளுடன், சிக்னல் பலவீனமான இடத்தில் மோடத்தை இயக்கிப் பாருங்கள். சிக்னல் குறைந்தால்தான் மோடம் முழு வலுவுடன் அனுப்பும். நம் கணக்கின்படி 4.75 வோல்ட்டில் தொடங்கினால், கனெக்டர்கள் மோசமான நிலையில் இருக்கும்போது போர்டுக்கு 4.41 வோல்ட்டே வரும். ஈஎஸ்பி32 இன் எல்லைக்கு அது போதாது. ஆகவே இந்தச் சோதனையில் ரீசெட் வந்தால் வியப்படைய வேண்டாம்: 5.1 வோல்ட்டைக் குறைந்தபட்சமாக உறுதி செய்யும் அடாப்டரை நிர்ணயிப்பது ஒரு வழி. ஏஎம்எஸ்1117 க்குப் பதிலாகச் சில நூறு மில்லிவோல்ட்டே தேவைப்படும் ரெகுலேட்டரை மாற்றுவது, ஈஎஸ்பி32 இன் எல்லையையே 4 வோல்ட்டுக்கும் கீழே இறக்கிவிடும் இன்னொரு வழி. மோடத்தின் 4.4 வோல்ட் எல்லைக்கு இந்த இரண்டாவது வழி உதவாது என்பதால், இந்தப் போர்டில் அடாப்டரை நிர்ணயிப்பதோடு கேபிளை அரை மீட்டருக்குச் சுருக்குவதையும் சேர்த்துச் செய்வதே சரி. வரம்புள்ள சிப்பைப் பயன்படுத்தியிருந்தால், வெளியீட்டைக் கம்பியால் ஷார்ட் செய்து, ஈஎஸ்பி32 ரீசெட் ஆகாமல் நிற்கிறதா, ஷார்ட்டை எடுத்ததும் வெளியீடு தானாக எழுகிறதா அல்லது இயக்கும் காலை அணைத்துப் போட்டால்தான் எழுகிறதா என்பதையும் பார்த்து, நிரலை அதற்கேற்ப எழுதுங்கள். கடைசியாக, போர்டை அதன் பெட்டிக்குள் மூடி, வெப்பம் நிலைபெறும் வரை முழுச்சுமையில் ஓடவிட்டு, சிப்பின் குறுக்கே உள்ள மில்லிவோல்ட்டை மீண்டும் ஒருமுறை அளந்து சர்க்யூட் வரைபடத்திலேயே குறித்துவையுங்கள். பின்னர் பழுது பார்க்க வருபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.